ஊழியத்தைத் தாங்கும் ஐக்கியம்: கரிசல் சீமையின் அனுபவம்

கிறிஸ்தவ ஐக்கியத்தின் ஒரு பாதி அரிசியும் பணமும் வழிச்செலவும் சம்பந்தப்பட்டது. ஒருவர் ஊழியத்துக்குப் புறப்படுகிறார். ஊரில் இருப்பவர்கள் அவருடைய சாப்பாட்டையும் துணிமணியையும் நோய்நொடியையும், அவர் விட்டுவிட்டுப் போகும் குடும்பத்தையும் தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறார்கள். போகிறவரின் பாடுகளில் அவர்களுக்குப் பங்கு உண்டு, பலனிலும் உண்டு. இந்தப் பங்கு எங்கே உயிரோடு இருந்தது, எங்கே வெறும் சந்தாவாகச் சுருங்கியது என்று ஆராய, தமிழ்நாட்டில் ஆனைக்குட்டத்தைச் சுற்றியுள்ள கரிசல் சீமை நல்ல களம். அர்ச்சுனா நதியின் அணையால் பெயர் தெரிந்த இந்த ஊரும், விருதுநகர், சிவகாசி, சாத்தூர் வட்டாரத்து ஊர்களும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. மிஷன் ஏடுகளில் இப்பகுதிக்கு வட திருநெல்வேலி என்று பெயர். தெற்கே இருந்த தமிழ்ச் சபைகள் தங்கள் சொந்த ஆட்களையும் சொந்தக் காணிக்கையையும் கொண்டு இன்னொரு வட்டாரத்தின் ஊழியத்தில் பங்கெடுத்த பெரிய முயற்சி ஒன்று 1854இல் இங்கேதான் தொடங்கியது.

பிலிப்பியும் கொரிந்துவும்

இத்தகைய ஆதரவின் தொடக்கம் நற்செய்தி நூல்களிலேயே இருக்கிறது. இயேசுவும் சீடர்களும் ஊர் ஊராகப் போனபோது மகதலேனா மரியாள், ஏரோதின் காரியக்காரனுடைய மனைவி யோவன்னாள், சூசன்னாள் முதலான பெண்கள் தங்கள் ஆஸ்தியால் அவர்களுக்கு உதவினார்கள் என்று லூக்கா குறிப்பிடுகிறார். பவுலின் காலத்தில் இது தனிநபர் உதவி என்ற நிலையைத் தாண்டிச் சபையின் செயலாகிறது. இரத்தாம்பர வியாபாரி லீதியாளின் வீட்டில் வேர்பிடித்த பிலிப்பி சபை, பவுல் தெசலோனிக்கேயில் இருந்தபோதே ஒன்றுக்கு மேற்பட்ட முறை பணம் அனுப்பியது. அவர் சிறையில் இருந்தபோது எப்பாப்பிரோதீத்து என்ற தன் ஆளையே அனுப்பியது. அவர் பணத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பவில்லை. கூடவே தங்கிப் பணிவிடை செய்து, நோயில் விழுந்து, சாகும் தறுவாய் வரை போய்ப் பிழைத்தார். காணிக்கையின் பின்னே ஒரு மனிதனும் போனான் என்பது இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய இடம்.

அதே பவுல் கொரிந்து சபையிடம் பணம் வாங்க மறுத்தார். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு சேர்ந்து கூடாரம் தைத்துப் பிழைத்தார். ஏழைச் சபையிடம் வாங்கியவர் வசதியுள்ள ஊரில் மறுத்ததற்குக் காரணம் ஊகிக்கக்கூடியதே. கிரேக்க நகரங்களில் பேச்சாளனுக்குச் செல்வன் ஒருவன் படியளந்தால், பேச்சாளன் அந்தச் செல்வனின் ஆள் ஆகிவிடுவான். பங்காளியிடம் வாங்கலாம், புரவலனிடம் வாங்கினால் வாய் அடைந்துபோகும் என்பது பவுலின் கணக்கு. எருசலேமின் ஏழைகளுக்காக மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் திரட்டிய பணத்தையும் அவர் தனியாகத் தூக்கிச் செல்லவில்லை. சபைகள் தாங்களே தெரிந்தெடுத்த ஆட்கள் உடன் போனார்கள். யாரும் குற்றஞ்சாட்ட இடம் வைக்கக் கூடாது என்று அவர் வெளிப்படையாகவே எழுதினார்.

அடுத்த தலைமுறையில் மோசடியும் வந்துவிட்டது. ‘பன்னிரு அப்போஸ்தலரின் போதனை’ எனப்படும் பழைய கையேடு, ஊர் ஊராகச் சுற்றும் ஊழியனை ஒரு நாளோ, தேவைப்பட்டால் இரண்டு நாளோ தங்க வைக்கச் சொல்கிறது. மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கன். புறப்படும்போது வழிக்கு அப்பம் மட்டும் கொடுக்கலாம். பணம் கேட்டால் அப்போதும் அவன் கள்ளன்தான். இந்த விதி இன்றைக்கு அமலுக்கு வந்தால் பல கன்வென்ஷன் மேடைகள் வெறிச்சோடிப் போகும்.

தரங்கம்பாடி முதல் பாளையங்கோட்டை வரை

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவைத் தாங்கியவர்கள் டென்மார்க் அரசரும், ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தர்களும், லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தாரும். 1710இலிருந்து ஹாலேயில் அச்சான மிஷன் அறிக்கைகள் இந்தத் தூரத்து ஐக்கியத்துக்கு உயிர் கொடுத்தன. சோழமண்டலக் கரையில் ஒரு உபதேசியார் சொன்னதும், ஒரு பிள்ளைக்கு வந்த காய்ச்சலும்கூட ஜெர்மானிய வீடுகளில் வாசிக்கப்பட்டன. பணம் ஒரு திசையிலும் கடிதம் மறு திசையிலுமாக ஓடிய ஏற்பாடு இது. 1792இல் இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் பதின்மூன்று பவுண்டு, இரண்டு ஷில்லிங், ஆறு பென்ஸ் வாக்குறுதியோடு தொடங்கிய பாப்டிஸ்டு மிஷனும் இதே வழியில் போனது. அந்த மிஷன் இந்தியாவுக்கு அனுப்பிய வில்லியம் கேரி கிணற்றுக்குள் இறங்குகிறவர், ஊரில் இருக்கும் நாம் கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் என்ற ஆண்ட்ரூ ஃபுல்லரின் உவமை அங்கிருந்து வந்ததுதான்.

இந்த ஏற்பாடுகளில் தமிழர் பெறுகிறவர்களாகவே இருந்தார்கள் என்று பொதுவாக எழுதப்படுவது முழு உண்மை அல்ல. பாளையங்கோட்டையில் 1785இல் ஆலயம் எழுந்தது குளோரிந்தா என்ற பெண்ணின் முயற்சியால். ஊழியரை அனுப்பும்படி தஞ்சாவூரில் இருந்த மிஷனெரி சுவார்ட்சை விடாமல் கேட்டதும் அந்தச் சிறு சபைதான். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனெரி ரேனியஸ் காலத்தில் இந்த உள்ளூர் முயற்சி அமைப்பாக உருவெடுத்தது. 1830இல் தோன்றிய தரும சங்கம் உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் காணிக்கையால் நிலம் வாங்கியது. ஊரில் இருக்க முடியாமல் துரத்தப்பட்ட குடும்பங்கள் அந்த நிலத்தில் குடியேறின. இறந்துபோன உபதேசியார்களின் மனைவிமாருக்காக விதவைகள் நிதியும் அதே காலத்தில் ஏற்பட்டது. நெல்லைச் சபை வரலாற்றை எழுதுகிறவர்கள் ஆலயக் கோபுரங்களுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியை இந்த இரண்டு நிதிகளுக்கும் ஒதுக்கியிருக்கலாம்.

1854: முறைவைத்துப் போன உபதேசியார்கள்

தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் 1815இல் ஜிப்ரால்டரில் பிறந்தவர். கேம்பிரிட்ஜின் கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் ஃபெலோவாக இருந்தவர். சி.எம்.எஸ். எனப்படும் சர்ச் மிஷனெரி சங்கத்தின் வேலையாக 1846இல் சென்னைக்கு வந்தார். கணக்கும் கடிதமுமாகச் சங்கத்தின் செயலாளர் வேலை பார்த்தவர், திருநெல்வேலியில் சுற்றியபோது ஒரு விஷயத்தைக் கண்டார். தெற்கே பனங்காட்டில் கூப்பிடு தூரத்துக்கு ஒரு சபை. வடக்கே கரிசலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்கள், சபை என்று சொல்ல அநேகமாக எதுவும் இல்லை. பங்களா கட்டி உட்காரும் மிஷன் முறையை விட்டு, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் போகும் திட்டத்தை அவர் முன்வைத்தார். டேவிட் ஃபென், ராபர்ட் மெடோஸ் என்ற கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் இருவர் அவரோடு சேர்ந்தார்கள்.

கூடாரத்தைவிட முக்கியமானது இந்தத் திட்டத்தின் இன்னொரு பாகம். தெற்குச் சபைகள் தங்கள் உபதேசியார்களை மாதத் தவணையில் முறைவைத்து வடக்கே அனுப்பின. அவர்களுக்கான செலவுக்கும் காணிக்கை சேர்த்தன. பனையேறிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த சபைகள் அவை. பதநீர்க் காலம் முடிந்தால் கையில் காசு ஓடாத வீடுகள். கருப்பட்டி விற்ற பணத்தில் ஒரு பங்கு, தாங்கள் பார்த்திராத சாத்தூருக்கும் சிவகாசிக்கும் போனது. வெள்ளைக்காரர் பணத்தில் வெள்ளைக்காரர் நடத்திய மிஷனாக இதை எழுதிவிட்டுப் போவது சுலபம். அப்படி எழுதியவர்கள் உண்டு. அது இந்த உபதேசியார்களுக்குச் செய்த அநியாயம்.

மாதத் தவணையால் என்ன ஆயிற்று என்பதை இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். செம்மண் தேரியிலிருந்து வந்த ஆளுக்குக் கரிசல் வேறு நாடு. மழை பெய்தால் வண்டி புதையும். பெய்யாவிட்டால் தரை பாளம் பாளமாக வெடிக்கும். கம்பும் சோளமும்தான் சாப்பாடு. வீட்டில் தெலுங்கு பேசும் நாயக்கர், ரெட்டியார் ஊர்கள் நிறைய. சந்தை ஊர்களில் நாடார் வியாபாரிகள். ஒரு மாதத்தில் ஒரு ஊரின் பேச்சும் சாதிக் கட்டும் பிடிபடுவதற்குள் உபதேசியார் மூட்டை கட்டிவிடுவார். ஊழிய முறையாகப் பார்த்தால் இது பலவீனம். ஐக்கியத்தின் பக்கமிருந்து பார்த்தால் இதுவே பலம். திரும்பிப் போன ஒவ்வொருவரும் தன் சபையில் உட்கார்ந்து வடக்கத்தி ஊர்களின் பெயரைச் சொல்லக்கூடியவர். அந்தப் பெயர்கள் ஜெபத்தில் வரும்; அடுத்த மாதம் இன்னொருவர் போவார். நிரந்தர மிஷனெரி ஒருவரை அமர்த்திச் சம்பளத்தை மட்டும் அனுப்பியிருந்தால் பலன் ஒருவேளை கூடியிருக்கும். இத்தனை சபைகளுக்குக் கரிசல் தெரிந்திருக்காது.

ராக்லண்ட் நுரையீரல் நோயாளி. 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இரத்தம் கக்கி இறந்தார். அதுவரை ஞானஸ்நானம் பெற்றவர்கள் சொற்பம். ஃபென்னும் மெடோசும் தொடர்ந்தார்கள். இந்தக் களத்தில் உழைத்த டபிள்யூ. டி. சத்தியநாதன் பின்னாளில் சென்னைச் சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தின் குருவாகப் பெயர் பெற்றார். சிவகாசியை ஒட்டிய சாட்சியாபுரம் மிஷன் தலமாக வளர்ந்து, பள்ளிகளால் இன்றும் அறியப்படுகிறது. டோனாவூரிலிருந்து ஏமி கார்மைக்கேல் 1922இல் ராக்லண்டின் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார்.

அதே 1854இல் இலங்கையின் கண்டிச் சீமையில் இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடு உருவானது. காப்பித் தோட்டங்களில் வேலைக்குப் போன தமிழர்களுக்காகத் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனுக்கும் திருநெல்வேலியிலிருந்தே உபதேசியார்கள் போனார்கள். ஆனால் அங்கே சம்பளச் செலவில் பெரும் பங்கைக் கொடுத்தவர்கள் தோட்டத்துரைமார். கொடுத்தவர்களில் பக்தர்களும் இருந்திருப்பார்கள். இருந்தாலும், கூலியின் முதலாளியே கூலிக்குப் போதிப்பவரின் சம்பளத்தையும் கொடுக்கும் இடத்தில், காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் நடக்கும் அநியாயத்தைப் பற்றி உபதேசியார் எவ்வளவு தூரம் வாய் திறக்க முடியும்? பவுல் கொரிந்துவில் அஞ்சியது இதைத்தான்.

பிடியரிசி, மகமை, அறுப்பின் பண்டிகை

கரிசல் சீமைக்குக் கூட்டாகக் கொடுப்பது மிஷன் சொல்லித்தந்த பாடம் அல்ல. சிவகாசி, விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஊர்களின் நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை பிடித்து, உறவின்முறை எனப்படும் தங்கள் சாதிச் சங்கத்தின் பொதுப் பணமாகச் சேர்த்தார்கள். கோயிலும் கிணறும் பேட்டையும் பள்ளிக்கூடமும் அந்தப் பணத்தில் எழுந்தன. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலா, வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கி நடத்தப்பட்டதால் பிடியரிசிப் பள்ளிக்கூடம் என்றே பேர் வாங்கியது. காமராஜர் படித்தது அங்கேதான். உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியைத் தனியே கலயத்தில் போட்டு, அதைச் சபைக்குக் கொடுப்பது தென் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவப் பெண்களின் வழக்கமாகவும் இருக்கிறது. யாரிடமிருந்து யார் எடுத்தார்கள் என்று வாதிடுவது வீண் வேலை. இரு சாராரும் ஒரே மண்ணில் பிழைத்தவர்கள்.

மகமைக்கும் சபைக் காணிக்கைக்கும் ஒரு வித்தியாசம் மட்டும் சொல்ல வேண்டும். மகமை கொடுத்தவருக்கே திரும்பி வரும். அவருடைய பிள்ளை படிக்கும் பள்ளி, அவருடைய சரக்கு இறங்கும் பேட்டை. ஊழியத்துக்கான காணிக்கை முகம் தெரியாத ஊருக்குப் போகிறது. ஆகவே அதைத் தொடர்ந்து கொடுக்க வைக்க, கொடுப்பவருக்கும் அந்த ஊருக்கும் நடுவே வேறு கட்டு ஒன்று வேண்டியிருக்கிறது. கடிதம், திரும்பி வந்த ஆள், வாராந்தர ஜெபம் ஆகியவை அந்தக் கட்டாக இருந்தன.

கொடுப்பது எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்க அறுப்பின் பண்டிகைக்குப் போக வேண்டும். சில ஊர்களில் ஸ்தோத்திரப் பண்டிகை என்பார்கள். ஆலயத்துக்குள் கம்பு, பருத்தி, வற்றல் மிளகாய், பூசணி, வாழைத்தார், கால் கட்டிய சேவல், வாசலில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி. ஆராதனை முடிந்ததும் மர நிழலில் ஏலம். ஒரு கோழி முட்டையை இருநூறு ரூபாய்க்கு எடுத்தவர், ‘திரும்ப விடுங்க’ என்று சொல்லிவிடுவார். அதே முட்டை அடுத்தவரிடம் முந்நூறுக்குப் போகும். அவரும் திருப்பி விடுவார். கடைசியில் முட்டை யாரிடம் போய்ச் சேர்ந்தது என்பது யாருக்கும் நினைவிருக்காது; சபைக் கணக்கில் தொகை ஏறியிருக்கும். வீம்பும் இதில் உண்டு. சம்பந்திகளுக்குள் போட்டியும் உண்டு. ஏலத்தை அநாகரிகம் என்று நிறுத்திவிட்டுக் கவர் முறைக்குப் போன சபைகளும் இருக்கின்றன. கவரில் வருவது ஒழுங்கான பணம்தான். ஆனால் நிலமில்லாத கிழவி தன் ஒரு முட்டையோடு சபை முழுவதும் பார்க்கப் பங்கெடுக்கும் இடம் கவரில் இல்லை.

பட்டாசும் தீப்பெட்டியும் வந்தபின் காணிக்கையின் காலக்கணக்கு மாறியது. 1920களில் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தொழில் அது. ஆலை வேலைக்கு வாரக்கூலி, சனிக்கிழமை பட்டுவாடா, ஞாயிறு காணிக்கை. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் கை கொஞ்சம் தாராளமாகும். மழை பிடித்து மருந்து காயாத நாட்களில் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த பட்டாசுக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபோது ஆலைகள் சில மாதங்கள் மூடிக் கிடந்தன. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் இறந்ததைப் போன்ற நாட்களில், சபை அனுப்ப வேண்டிய தொகையைவிட அடுத்த வீட்டுக்குச் செய்ய வேண்டியது முன்னே வந்து நிற்கிறது. இந்த நிலத்தில் மாதாமாதம் மாறாத தொகை என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கொடுக்கச் சொல்லி வற்புறுத்துவதும் சரியல்ல.

சொந்த ஆள், சொந்தப் பணம், சொந்த நிர்வாகம்

சி.எம்.எஸ்.ஸின் செயலாளர் ஹென்றி வென், தன்னைத் தானே ஆண்டு, தாங்கி, பரப்பும் சபை என்ற இலக்கை லண்டனிலிருந்து வலியுறுத்தினார். 1860களின் இறுதியில் திருநெல்வேலியில் உள்ளூர்ச் சபைக் கவுன்சில்கள் ஏற்பட்டு, குருமாரின் சம்பளச் சுமை மெல்ல மெல்லச் சபைகளின் தோளுக்கு மாறியது. ஆனால் தாங்குவது நடந்த வேகத்தில் ஆள்வது நடக்கவில்லை. சாவி துரைமார் கையிலேயே இருந்தது.

திருப்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்து ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக இருந்த வே. ச. அசரியா 1902இல் அங்கே போனபோது, யாழ்ப்பாணத்து மாணவர்கள் தங்கள் பணத்தில் கடலுக்கு இக்கரையில், இராமநாதபுரம் சீமைத் தொண்டிப் பகுதியில், ஊழியம் நடத்தி வருவதைக் கண்டார். சின்னஞ்சிறு யாழ்ப்பாணச் சபை தமிழகத்துக்கு மிஷன் அனுப்புகிறது. பல்லாயிரம் கிறிஸ்தவர்கள் உள்ள திருநெல்வேலி தன் சொந்தச் செலவில் தன் எல்லைக்கு வெளியே யாரையும் அனுப்பவில்லை. அந்த வெட்கத்தில் பிறந்தது இந்திய மிஷனெரி சங்கம். 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் தொடங்கிய அந்தச் சங்கம் இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்று மூன்றையும் சேர்த்தே விதியாக வைத்தது. முதல் மிஷனெரியாகச் சாமுவேல் பாக்கியநாதன் நிஜாம் ஆட்சியின் கீழ் இருந்த டோர்னக்கல் பகுதிக்குப் போனார். தெலுங்கு கற்று, தெலுங்கரோடு வாழ்ந்தார். 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில், கேரியின் பழைய நூலகத்தில், தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியது. அதிலும் அசரியாவே முதல் செயலாளர்களில் ஒருவர்.

1909இல் அசரியா குருப்பட்டம் பெற்றுத் தாமே டோர்னக்கலுக்கு மிஷனெரியாகப் போனார். அனுப்பும் சங்கத்தின் செயலாளர், அனுப்பப்பட்ட ஊழியராக மாறிய இந்தச் சம்பவத்துக்கு இணையானது மிஷன் வரலாற்றில் அபூர்வம். 1912 டிசம்பர் 29 அன்று அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். டோர்னக்கலின் ஏழைக் கிராமச் சபைகளில் பிடியரிசி முறை வேர்விட்டது. கிறிஸ்தவக் கொடையைப் பற்றி அவர் தனிப் புத்தகமே எழுதினார். பெறுகிறவன் ஏழை என்பதற்காக அவனைக் கொடுப்பதிலிருந்து விலக்கிவைப்பது அவனை அவமதிப்பது என்பது அவருடைய உறுதியான கருத்து.

இடையில் 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில் அவர் பேசியது பலருக்குக் கசந்தது. மேலை நாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை மறுக்காமலே, இந்திய ஊழியருக்கும் அவர்களுக்கும் நடுவில் சரிசமமான நட்பு இல்லை என்றும், சம்பளம் தருகிறவர் எஜமானாகவும் வாங்குகிறவர் வேலையாளாகவும் நிற்பதே காரணம் என்றும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பேச்சு நூறாண்டுக்கு மேலாக மேற்கோள் காட்டப்படுகிறது. தமிழ்ச் சபைகள் அதை வெள்ளைக்காரரைப் பற்றிய பேச்சாக மட்டும் வாசித்துவிட்டன. பீகாரிலோ ஒடிசாவிலோ உள்ள உள்ளூர் ஊழியருக்கு இன்று தமிழ்நாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்களும் அதே எஜமான் இடத்தில் நிற்க முடியும் என்பதை யோசித்தவர்கள் குறைவு.

ஜெபக்குழுவும் மிஷனெரியும்

1959இல் உருவான நண்பர் சுவிசேஷ ஜெபக்குழு, திருநெல்வேலிப் பக்கம் விடுமுறை வேதாகமப் பள்ளி ஊழியத்தில் சேர்ந்த வாலிபர்களின் ஜெபக் கூட்டங்களிலிருந்து எழுந்தது. சாம் கமலேசன், எமில் ஜெபசிங் போன்றோர் அதன் தொடக்ககாலத் தலைவர்கள். முதலில் தமிழ்நாட்டு மலைப்பகுதியிலும், 1970களிலிருந்து வட இந்தியாவிலும் அது மிஷனெரிகளை வைத்தது. குஜராத்தின் டாங்ஸ், இன்றைய ஜார்க்கண்டின் ராஜ்மகால் மலைகளில் வாழும் மால்டோ மக்கள் என்று தமிழ்க் கிராமங்களில் யாரும் கேட்டிராத பெயர்கள், வீட்டுத் திண்ணைகளில் ஜெபக்குறிப்புகளாக ஒலிக்கத் தொடங்கியது இதனால்தான். பத்துப் பதினைந்து பேர் கொண்ட ஜெபக்குழு வாரம் ஒருமுறை கூடும். உப்புக் கடைக்காரர், ஆசிரியை, தீப்பெட்டி ஒட்டும் பெண் என்று எல்லாரும் அதில் இருப்பார்கள். குழுவோ சில குழுக்கள் சேர்ந்தோ ஒரு மிஷனெரியைத் தாங்கும். அவர் விடுமுறையில் வந்தால் அந்த ஊரில் வந்து பேசுவார். அவருடைய பிள்ளைகளின் படிப்பும் அந்தக் குழுவின் கவலை.

1854இன் ஏற்பாட்டுக்கு இது நெருங்கிய உறவு. இரண்டிலும் கொடுக்கிறவர் ஏழை அல்லது நடுத்தரம். இரண்டிலும் பெயர் தெரிந்த ஆள் பெயர் தெரிந்த ஊருக்குப் போகிறார். சபைப் பிரிவுகளைத் தாண்டிய ஒற்றுமையும் இதில் கிடைத்தது. தென்னிந்தியத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யைச் சேர்ந்தவரும் லுத்தரனும் பெந்தெகொஸ்தேக்காரரும் ஒரே ஜெபக்குழுவில் உட்கார்ந்தார்கள். மறுபக்கத்தில், ஞாயிற்றுக் காணிக்கை சபைக்கு, ஆர்வமும் தசமபாகமும் மிஷன் குழுவுக்கு என்று இரண்டாகப் பிரிந்ததால் குருமாருக்குக் குறை உண்டு. அந்தக் குறையில் நியாயமும் இருக்கிறது. ஊர்ச் சபை ஊழியரின் கூரை ஒழுகும்போது ஆயிரம் மைலுக்கு அப்பால் அனுப்பும் காணிக்கையைப் பக்தி என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியங்கள் என்ற சிறு குழுக்களும் வின்சென்ட் தே பவுல் சபையும் அருகிலுள்ள ஏழையையே முதலில் பார்க்கின்றன. தூர ஊழியத்தை மறைமாவட்டமும் துறவற சபைகளும் ஏற்கின்றன. இந்தப் பிரிவினையில் குழப்பம் குறைவு. பொதுநிலையினரின் பங்கும் குறைவு.

இன்றைய சிக்கல்கள்

வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் புதிதாக வந்து, 2020 திருத்தத்தில் மேலும் இறுகியது. நன்கொடை முழுவதும் டெல்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளை வழியாகவே வர வேண்டும்; நிர்வாகச் செலவு 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது; வாங்கிய சங்கம் இன்னொரு சங்கத்துக்கு மாற்றித் தர முடியாது. வெளிப்பணத்தில் நின்ற அமைப்புகள் பல ஆட்டம் கண்டன. உள்ளூர்க் காணிக்கையில் நின்ற நெல்லைச் சங்கங்களுக்கு அந்த அளவு பாதிப்பு இல்லை. 1903இன் மூன்று விதிகளைப் பிடிவாதம் என்று கேலி செய்தவர்கள் உண்டு. காலம் அந்தப் பிடிவாதத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

இன்னொரு சிக்கல் தனிநபர் ஊழியங்கள். தொலைக்காட்சியும் கைப்பேசிப் பணப் பரிமாற்றமும் வந்தபின், கரிசல் கிராமத்துப் பெண் தன் நூறு ரூபாயை முகம் அறியாத பிரசங்கியாருக்கு ஒரு நொடியில் அனுப்பிவிட முடிகிறது. திரும்ப வருவது அச்சடித்த ஆசீர்வாத வாசகம். நிர்வாகக் குழு, தணிக்கை, வருடாந்தரக் கூட்டம் எதுவும் இல்லாத இடத்தில் அவர் பங்காளி ஆகவில்லை, வாடிக்கையாளர் ஆகிறார். பழைய சபைகளில் கணக்கு வாசிக்கும் கூட்டத்தில் சண்டை வருவது உண்டு. நாற்காலி தூக்கியதும் உண்டு. ஆனால் சண்டை போடும் உரிமை கொடுத்தவருக்கு இருக்கிறது என்பதே அங்கே பங்கு உயிரோடு இருப்பதன் அடையாளம்.

கடைசியாக, ஊழியரின் முதுமை. களத்தில் இருக்கும் மிஷனெரிக்குக் காணிக்கை வரும். படம் வரும், சாட்சி வரும். அறுபது வயதில் சர்க்கரை நோயோடு ஊர் திரும்பியவருக்குச் சொந்த வீடு இருக்காது, வேறு தொழில் தெரியாது. சி.எஸ்.ஐ. திருமண்டலங்களிலும் பெரிய மிஷனெரி சங்கங்களிலும் சேமநிதி, ஓய்வூதியம் என்று ஏதோ ஓர் ஏற்பாடு இருக்கிறது. சிறு ஊழியக் குழுக்களில் பெரும்பாலும் கிடையாது. ஊழியர் இறந்தால் அவர் மனைவி உறவினர் வீட்டுத் தயவில் நிற்கிறார். ரேனியஸ் காலத்து உபதேசியார்கள் தங்கள் சொற்பச் சம்பளத்திலிருந்து கட்டி வைத்த விதவைகள் நிதி அளவுக்குக்கூட ஏற்பாடு செய்யாத குழுக்கள், ஊழியத்தில் பங்கு கேட்டு ஜனங்களிடம் வருவதற்குமுன் அதைச் செய்துவிட்டு வர வேண்டும்.